சம்பந்தி அம்மாவின் பாஸ்தா சாலட்

வேகவைத்த பாஸ்தா, திராட்சை, ஆப்பிள், அன்னாசி, சீஸ் துண்டுகள். இவற்றைத் தயிரில் கலந்து ஜில்லென்று பரிமாறினால் அதுதான் பாஸ்தா சாலட். படித்தவுடனே உங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். தயிர் சாதத்தில் திராட்சையும் மாதுளை முத்தும் போட்டுச் சாப்பிடுகிற நமக்கு இது அவ்வளவு தூரத்துப் பண்டம் இல்லை என்று மட்டும் முதலில் சொல்லிவைக்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சம்பந்தி அம்மா. என் மகள் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது ஓர் அமெரிக்கரைத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் பெற்றோர் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருப்பவர்கள். 2011-இல் நான் முதல்முறை அமெரிக்கா போனபோதுதான் சம்பந்தி அம்மாவோடு பேசிப் பழக வாய்த்தது. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். எத்தனையோ விதமான ஆங்கிலத்தைக் காதில் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அவர் பேசுவது எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பேசியது அவருக்கு அதற்கும் குறைவாகப் புரிந்திருக்கும். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பார். அங்கே அதுதான் வழக்கம். நான் அவரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் பல நாள் "எக்ஸ்க்யூஸ் மீ" என்றே ஓட்டினேன்.

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று மெமோரியல் டே. பிறகு ஜூலை 4 சுதந்திர தினம். செப்டம்பர் முதல் திங்களன்று லேபர் டே. இந்த மூன்று விடுமுறைகளுக்கும் உறவுக்காரர்கள் ஒரு பூங்காவிலோ யார் வீட்டுக் கொல்லையிலோ கூடுவார்கள். பெரும்பாலும் வீட்டுக்காரரே எல்லாருக்கும் சமைப்பதில்லை. அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவது அவர் பொறுப்பு என்றால், மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவார்கள். இதற்குப் பாட்லக் என்று பெயர்.

நமக்கு இது புதிதில்லை. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்துக் குடும்பத்தின் புளியோதரை நம் இலைக்கு வரும், நம் தேங்காய் சாதம் அவர்கள் இலைக்குப் போகும். அங்கே சாதம் கெடாமல் இருக்கப் புளியும் நல்லெண்ணெயும். அமெரிக்காவில் ஐஸ் பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கூட்டங்களுக்கு ஏற்ற பண்டம் என்று அவர்கள் பாஸ்தா சாலட்டை வைத்திருக்கிறார்கள். முந்தைய நாளே செய்துவிடலாம். சூடுபடுத்த வேண்டாம். ஒரு பெரிய கிண்ணம் இருபது பேருக்குக் காணும். பழத்தை மயோனைஸில் கலப்பதும் அங்கே பழைய வழக்கம். நியூயார்க் வால்டார்ஃப் ஹோட்டலில் இருந்த ஆஸ்கர் சிர்க்கி 1896-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஆப்பிள், செலரி, மயோனைஸ் கலந்த வால்டார்ஃப் சாலட் இருக்கிறது. ஆப்பிளும் சீஸும் சேர்ந்த ஜோடியும் அப்படித்தான். வெர்மாண்ட் மாநிலம் 1999-இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பண்டமாக அறிவித்தபோது, அதைப் பரிமாறுகிறவர்கள் கூடவே பாலோ, செடார் சீஸோ, வெனிலா ஐஸ்கிரீமோ கொடுக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. நம் ஊரில் இட்லிக்குச் சட்னி கட்டாயம் என்று யாராவது சட்டம் போட்டால் எப்படி இருக்கும்!

இப்போது சம்பந்தி அம்மாவிடம் வருகிறேன்.

2011 மெமோரியல் டே அன்று முதல்முறையாக அவர்கள் குடும்பக் கூட்டத்துக்குப் போனேன். நீளமான மேஜை. இருபது வகையாவது இருக்கும். நாங்கள் முட்டையும் சேர்க்காத குடும்பம். பீன்ஸில் பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை, பாஸ்தா சாலட்டில் மயோனைஸும் ஹாம் என்கிற பன்றி இறைச்சித் துண்டும். பழம் சேர்த்த ஜெல்லிகூட எனக்கு ஆகாது, ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. நான் தர்பூசணியும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பசி பெரிய விஷயமில்லை, வீட்டுக்குப் போனால் மோர் சாதம் இருக்கிறது. ஆனால் தட்டில் ஒன்றும் இல்லாமல் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது என்னவோ போல இருக்கும். "ஏன் சாப்பிடவில்லை?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். மகளும் அதைப் பார்த்துத் தவிப்பாள்.

சம்பந்தி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் இருந்து என் தட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஜூலை 4 அன்று மறுபடி கூடினோம். மேஜையில் பாஸ்தா சாலட் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை நின்றது. அதில் அவர் கையெழுத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. ஹாம் இல்லை. மயோனைஸுக்குப் பதில் தயிர். சீஸ் என்று எழுதி, பக்கத்தில் "காய்கறி ரெனட்" என்றும் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என்ன பாடுபட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். பாலைத் திரித்துச் சீஸ் ஆக்கும் ரெனட், பழைய முறையில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜியானோ சீஸை இன்றும் அப்படித்தான் செய்தாக வேண்டும், அவர்கள் விதி அது. அமெரிக்காவில் 1990-இல் நுண்ணுயிர்களை வைத்துத் தயாரிக்கும் ரெனட்டுக்கு அரசு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு பெரும்பாலான சீஸ் அதில்தான் தயாராகிறது. ஆனால் லேபிளில் பல சமயம் "என்சைம்ஸ்" என்று மட்டும் போட்டிருக்கும். எந்த என்சைம் என்று யாருக்குத் தெரியும்? நம் ஊரில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கிவிடுகிறோம். அங்கே அப்படி ஒரு கட்டாயப் புள்ளி கிடையாது. சம்பந்தி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். தயிர் டப்பாவையும் விடவில்லை. சில தயிரில் கெட்டியாவதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள்.

மேஜைக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தபோது அவர் கணவர் கரண்டியால் கிண்ணத்தைக் கிளறிவிட்டு, "ஹாம் எங்கே?" என்று கேட்டார். "இந்த வருஷம் இல்லை" என்றார் சம்பந்தி அம்மா. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. நான் இந்தியாவில் இருந்த வருஷங்களிலும் அதில் ஹாம் திரும்ப வரவில்லை என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

2014-இல் மறுபடி போனபோது, அவர் சமையலறையிலேயே நின்று இதைக் கற்றுக்கொண்டேன். பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. அவர் செய்வார், நான் பார்ப்பேன். அளவை மட்டும் எழுதிக்கொண்டேன். பதினைந்து பேருக்கான அளவு இது.

திருகாணி வடிவப் பாஸ்தா 1 பவுண்ட், அதாவது சுமார் 450 கிராம். ரவை மட்டும் போட்டுச் செய்த காய்ந்த பாஸ்தாவாகப் பார்த்து வாங்க வேண்டும், சிலவற்றில் முட்டை உண்டு. செடார் சீஸ் 225 கிராம். விதையில்லாத திராட்சை 2 கப். ஆப்பிள் 2, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. டின்னில் வரும் அன்னாசித் துண்டு ஒரு டின். செலரித் தண்டு 2. வால்நட் அரை கப், உலர்ந்த கிரான்பெர்ரி அரை கப். கலப்பதற்குக் கெட்டித் தயிர் ஒன்றேகால் கப், அன்னாசி டின்னில் இருக்கும் சாறு கால் கப், எலுமிச்சைச் சாறு ஒரு மேஜைக்கரண்டி, தேன் இரண்டு சின்னக் கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

பாஸ்தாவை நாலைந்து லிட்டர் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து வேகவிட வேண்டும். பாக்கெட்டில் எட்டு நிமிஷம் என்று இருந்தால் சம்பந்தி அம்மா ஒன்பதரை நிமிஷம் விடுவார். ஆறியதும் மாவுச்சத்து இறுகும், அதனால் சூடாகச் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குழைய வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடிப்பது எதற்கு? அதற்கேதான்.

வெந்ததும் வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சூடு நின்று வேகுவதும் நிற்கும், மேலே ஒட்டியிருக்கும் கஞ்சியும் போகும். எண்ணெய் விடக் கூடாது, விட்டால் தயிர் ஒட்டாமல் வழுக்கும். தண்ணீர் சுத்தமாக வடியட்டும்.

சீஸைத் திராட்சையைவிடச் சின்னதாக நறுக்க வேண்டும். பெரிதாக இருந்தால் வாயில் சீஸ் மட்டும்தான் தெரியும். திராட்சையை நீளவாக்கில் பாதியாக வெட்ட வேண்டும். முழுத் திராட்சை குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். கூட்டம் என்றால் குழந்தைகள் இருப்பார்கள். ஆப்பிளை நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் கறுக்காது.

அன்னாசி விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் என்சைம் ஒன்று உண்டு. தயிரிலும் பாலிலும் அது பட்டுக் கொஞ்ச நேரமானால் கசந்துவிடும். டின் அன்னாசி சூடுபடுத்தி அடைத்தது, அந்த என்சைம் செத்திருக்கும். கிவிப் பழமும் இப்படித்தான் கசக்கும். தர்பூசணி தண்ணீர் விடும், வாழைப்பழம் குழையும். இவற்றை இதில் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கலந்து, தயிர்க் கலவையில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிப் பிரட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பாஸ்தா அதைக் குடித்துவிடும். மீதி ஒரு பங்கைப் பரிமாறும் முன் ஊற்ற வேண்டும். அப்போது உப்பையும் மறுபடி பார்க்க வேண்டும், குளிர்ந்த பண்டத்தில் உப்பு எடுபடாது. வால்நட்டும் அப்போதுதான் மேலே தூவ வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்க எனக்குக் கை பரபரத்தது. வாயைத் திறக்கவில்லை.

வெளியில் வைக்கும்போது இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புக் கணக்கு. வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். அதனால் ஒரு பெரிய தட்டு நிறைய ஐஸ் கொட்டி, அதன் நடுவில் கிண்ணத்தைப் பதித்து வைப்பார்.

2021-இல் சம்பந்தி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் கணவர் காலமாகியிருந்தார். கொரோனா சமயம், யாரும் போக முடியவில்லை. நான் 2022-இல் போனேன். லேபர் டேக்கு எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. அவர் கணவர் போன பிறகு குடும்பம் மொத்தமாகக் கூடுவது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் முன்னதாகவே அவர் வீட்டுக்குப் போய்விட்டோம். முதல் நாள் சாயங்காலம் அவர் இடது கையால் அலமாரியைக் காட்டினார். அந்தப் பெரிய கண்ணாடிக் கிண்ணம். பிறகு என்னைக் காட்டினார். மகள் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மகள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். வந்ததும், "அம்மா, ஒண்ணு சொல்லணும். அத்தையோட தங்கை பேரன் வரான், அஞ்சு வயசு. அவனுக்கு வால்நட், பாதாம் எதுவும் ஆகாதுன்னு போன வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. தொண்டை வீங்கிடுமாம்" என்றாள். வால்நட்டை எடுத்து வைத்துவிட்டேன். தனிக் கிண்ணத்தில்கூட வேண்டாம், ஒரே கரண்டி இரண்டிலும் புகுந்தால் என்ன செய்வது?

பிறகு மேஜையில் எல்லாப் பொட்டலங்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வாமை தரும் முக்கியமான பொருட்களை லேபிளில் காட்ட வேண்டும் என்று அங்கே 2004-இல் சட்டம் வந்திருக்கிறது. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதே தொழிற்சாலையில் கொட்டைகளும் கையாளப்படுகின்றன என்ற எச்சரிக்கையைப் போடுவது கம்பெனியின் விருப்பம். பாஸ்தா சரி. சீஸ் சரி. தயிர் சரி. கிரான்பெர்ரிப் பொட்டலத்தின் பின்னால், மடிப்புக்குள், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருந்தது.

பொட்டலத்தைச் சம்பந்தி அம்மா முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். பொட்டலத்தை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினார். அப்புறம் என் கையின் மேல் தன் இடது கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கணவர் ஞாபகமாகவும் இருக்கலாம்.

பாஸ்தா வெந்ததும் ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தேன். தலையசைத்து இன்னும் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிஷம். கிரான்பெர்ரிக்குப் பதில் மாதுளை முத்தைப் போட்டோம். அட்டையை நான் எழுதினேன். முதல் வரியில் "கொட்டைகள் இல்லை" என்று பெரிதாக எழுதினேன். பிறகு கோதுமை, பால், பழம் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் வேறு, மற்றதெல்லாம் அவர் அட்டை மாதிரியே இருந்தது.

மறுநாள் பூங்காவில் அந்தப் பையனின் அம்மா அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் வந்து இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியதுதான். பிறகு அவனுக்கு ஒரு கரண்டி வைத்தாள். அவன் திராட்சையையும் பாஸ்தாவையும் பொறுக்கித் தின்றுவிட்டு, சீஸை மட்டும் வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான். நேராகப் போய் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். ஹாம் எங்கே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சம்பந்தி அம்மா சக்கர நாற்காலியில் இருந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே திருச்சியில் நான் செய்யும்போது கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பச்சைப் புள்ளி போட்ட சீஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பன்னீர் திராட்சை வேண்டாம், விதை எடுத்து மாளாது. செலரிக்குப் பதில் வெள்ளரி போடலாம், விதைப் பகுதியை நீக்கிவிட வேண்டும். நம் வயசுக்காரர்கள் வருவதாக இருந்தால் ஆப்பிளைத் தோல் சீவி மெல்லியதாக நறுக்குகிறேன். பல் செட் போட்டவர்களுக்குத் தோல் பெரிய தொல்லை. சர்க்கரைக்காரர்கள் இருந்தால் தேன் கிடையாது, டின் சாறும் கிடையாது, அன்னாசித் துண்டை ஒரு தரம் அலசிப் போடுகிறேன். ஆனாலும் பாஸ்தா கோதுமைதான், அளவோடு சாப்பிடச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் தட்டு நம் வெயிலுக்கு மிகவும் அவசியம்.

செய்வதற்கு முன்னால் வருகிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, யாருக்கு என்ன ஆகாது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செய்முறையில் அதுதான் முதல் வரி. பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் சம்பந்தி அம்மாவையும் சேர்த்துக் கூப்பிடுவாள். அவர் பேச்சு இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. நான் சாலட் செய்தேன் என்று சொன்னால் எப்படி வந்தது என்று கேட்க மாட்டார். யார் யார் சாப்பிட்டார்கள் என்றுதான் கேட்பார். நான் ஒவ்வொருவராகச் சொல்லுவேன்.